வழுக்கைக்கு மருந்து: வாங்குமுன் அறிய வேண்டியவை



பேராக் மாநிலமெங்கும் ரப்பர் தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில், அங்கிருந்தோருக்கு மருந்து வந்த வழி பெரும்பாலும் ஒன்றேதான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் ஒருவர் இருப்பார். காய்ச்சலுக்கு மாத்திரையும் புண்ணுக்குக் களிம்பும் அவர் கையிலிருந்தே வந்தன. மருந்து கசந்தாலும் கொடுத்தவர் இன்னாரென்று தெரியும். ஏதேனும் தவறினால் மறுநாட் காலை அவரிடமே போய்க் கேட்கலாம். இன்று சுங்கை சிப்புட், செம்மோர், கோப்பெங் வட்டாரங்களில் பழைய ரப்பர்க் காடுகள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கிருந்து ஈப்போவுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும், நம் கடைகளில் நிற்கும் பிள்ளைகளும், இப்போது மருந்தைக் கைத்தொலைபேசியிலே தேடி வாங்குகிறார்கள். விற்பவர் யார், எவ்வூரார் என்பது தெரிவதில்லை. இவ்வாறு சந்தடியின்றி வீட்டுக்குள் வந்து சேரும் மருந்துகளில் ஒன்று வழுக்கை மருந்து. அதைப் பற்றியே இம்முறை ஆராய்வோம்.

வழுக்கை என்றதும் சிலருக்குச் சிரிப்பு வரும். முடி கொட்டுகிறவனுக்குச் சிரிப்பு வராது. இருபத்தைந்து வயதில் நெற்றி ஏறிப்போன வாலிபன், பெண் பார்க்கப் போகும் வீட்டில் தொப்பியைக் கழற்றத் தயங்குகிறான். தன் மனக்குறையைத் தகப்பனாரிடம் சொல்ல வெட்கம். டாக்டரிடம் போவதென்றால் அதைவிட வெட்கம். அந்த வெட்கந்தான் அவனை முகந்தெரியாத வியாபாரியிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆகவே இது நகைப்புக்குரிய விஷயமன்று. அறிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

வழுக்கை ஏன் விழுகிறது?

மனிதன் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் இரண்டிலிருந்து ஆறு ஆண்டுகள் வரை வளர்ந்து, சுமார் மூன்று மாதங்கள் ஓய்ந்திருந்து, உதிர்ந்து, மீண்டும் முளைக்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயற்கை. சீப்பில் நாலு முடியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

ஆண்களுக்கு வரும் வழுக்கையில் நடப்பது வேறு. ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன், உடலிலுள்ள ஒரு நொதியினால் மாற்றமடைந்து, டி.எச்.டி. என்னும் வீரியம் மிக்க ஹார்மோன் ஆகிறது. பிறவியிலேயே இதற்கு இடங்கொடுக்கும் மயிர்க்கால்கள் நெற்றியோரத்திலும் உச்சியிலும் சிலருக்கு அமைந்திருக்கின்றன. டி.எச்.டி. பட்டுப் பட்டு அவை சுருங்குகின்றன. தடித்த முடி மெலிந்து, மெலிந்தது பூனைமுடியாகி, கடைசியில் வெளியே தெரியாமற் போகிறது. காதோரமும் பின்னந்தலையும் இந்த ஹார்மோனுக்கு அசைவதில்லை. அதனாலேதான் எவ்வளவு வழுக்கையானாலும் அங்கே முடி நிலைத்து நிற்கிறது.

ஆண் ஹார்மோனுக்கும் வழுக்கைக்கும் உள்ள இத்தொடர்பை 1942-ல் தெளிவாக எடுத்துக் காட்டியவர் ஜேம்ஸ் ஹாமில்டன் என்னும் அமெரிக்க அறிஞர். பருவமடையுமுன் விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழவில்லை என்பதையும், அவர்களுக்கு அந்த ஹார்மோனைக் கொடுத்தபோது குடும்பத்தில் வழுக்கையுள்ளோருக்கு முடி குறைந்தது என்பதையும் அவர் கண்டார். ஆகவே ஹார்மோன் ஒன்று, வாரிசு ஒன்று. இரண்டும் சேர்ந்தால் வழுக்கை. தாய்மாமனைப் பார்த்தால் போதும் என்பர் சிலர். அது பாதி உண்மை. தாய்வழி, தந்தைவழி இரண்டாலும் வரும்.

இது எத்தனை பேருக்கு உள்ள குறை? நமக்கு அண்டையிலுள்ள சிங்கப்பூரில், பிஷான் வட்டாரத்தில் நடத்தி 2000-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பார்த்த ஆண்களில் நூற்றுக்கு 63 பேருக்கு ஏதோவோர் அளவில் இவ்வகை வழுக்கை இருந்தது. சீனரைக் காட்டிலும் இந்தியரிடையே அது கூடுதலாயிருந்தது. கடைக்கு வரும் வாடிக்கையாளரைக் கவனித்துப் பார்க்கும் நம்மவருக்கு இது வியப்பாயிராது.

தொப்பியின் மேல் பழி

தொப்பி போட்டுப் போட்டே முடி போயிற்று என்று சொல்வோர் நம்மிடையே பலர் உண்டு. ஊர்த் தண்ணீர் சரியில்லை என்பாரும் உண்டு. தொப்பியும் சொங்கோக்கும் மயிர்க்காலைச் சுருக்குவதில்லை, தண்ணீரும் அவ்வாறே. தொப்பி போடாதோருக்கும் வழுக்கை விழுகிறது. வாழ்நாளெல்லாம் தொப்பியணிந்த முதியவர் பலருக்குத் தலை நிறைய முடி இருக்கிறது. கரிசலாங்கண்ணி, செம்பருத்தி முதலியன போட்டுக் காய்ச்சிய எண்ணெய் முடிக்குப் பளபளப்புத் தரும்; தேய்த்தால் தலைக்குச் சுகமாயுமிருக்கும். ஆனால் சுருங்கிய மயிர்க்காலை அது விரித்துக் கொடுக்கும் என்று நிரூபணமாகவில்லை. தடவுவதில் குற்றமில்லை; அதை நம்பிக் காலத்தைக் கடத்துவதுதான் நஷ்டம்.

எல்லா உதிர்வும் வழுக்கையன்று

டாக்டரைப் பார்க்க வேண்டியதற்கு முதற் காரணம் இதுவே. வட்ட வட்டமாக முடி கொட்டினால் அது புழுவெட்டு. அதன் வைத்தியம் வேறு. டிங்கிக் காய்ச்சல் போன்ற கடுங்காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதங்கழித்துக் கொத்துக் கொத்தாய் உதிர்வதுண்டு; அது பெரும்பாலும் தானே திரும்பும். தைராய்டுக் கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு, தலைப்படை ஆகியவற்றாலும் முடி போகும். இவற்றுக்கெல்லாம் வழுக்கை மாத்திரையைத் தின்றால், பணமும் போய், உள்ளே இருக்கும் நோயும் வளரும். நமது கிளினிக் டாக்டரே முதலில் பார்த்துச் சொல்லலாம். தேவையானால் தோல் வைத்திய நிபுணரிடம் அனுப்புவார். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரியிலும் தோல் பிரிவு உண்டு.

இரண்டு மருந்துகள் வந்த கதை

இன்று இவ்வகை வழுக்கைக்குப் பெரிதும் உபயோகமாகும் மருந்துகள் இரண்டு. இரண்டுமே வழுக்கைக்கென்று தேடிக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல.

முதலாவது மினாக்சிடில். இது 1979-ல் அமெரிக்காவில் கடுமையான இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக அனுமதிக்கப்பட்டது. உட்கொண்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் முடி வளர்வதைக் கண்ட டாக்டர்கள், அதையே தலையில் தடவும் திரவமாக்கிப் பார்த்தனர். 1988-ல் ஆண்களின் வழுக்கைக்கு அது அனுமதி பெற்றது. முடியின் வளர்ச்சிக் காலத்தை நீட்டிக் கொடுப்பது இதன் வேலை.

இரண்டாவது பினாஸ்டிரைட். இதன் வரலாறு டொமினிக்கன் குடியரசிலுள்ள சாலினாஸ் என்னும் கிராமத்திலே தொடங்குகிறது. அங்கே சில குழந்தைகள் பிறப்பில் பெண்போலத் தோன்றிப் பருவ வயதில் ஆண்களானார்கள். டாக்டர் ஜூலியன் இம்பெராட்டோ மெக்கின்லி அம்மையாரும் அவருடன் சேர்ந்தவர்களும் இதை ஆராய்ந்து 1974-ல் வெளியிட்டனர். மேலே சொன்ன நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு, ஆகவே டி.எச்.டி. உண்டாவதும் குறைவு. வளர்ந்தபின் அவர்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்தது, நெற்றி ஏறவுமில்லை. இந்த உண்மையை வைத்தே அந்த நொதியைத் தடுக்கும் மருந்து செய்யப்பட்டது. புரோஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் மாத்திரையாக 1992-லும், வழுக்கைக்கு 1 மில்லிகிராம் மாத்திரையாக 1997-லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெயரும் பொருளும் ஒன்றே, அளவுதான் வேறு. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் இதற்கு வருவோம்.

வரவு எவ்வளவு?

வியாபாரி முதலில் கேட்கும் கேள்வி இது. 18 முதல் 41 வயது வரையுள்ள ஆண்களைக் கொண்டு இரண்டாண்டு நடத்திய சோதனையில், பினாஸ்டிரைட் உட்கொண்டவர்களில் நூற்றுக்கு 83 பேருக்கு எண்ணிப் பார்த்த இடத்தில் முடி குறையவில்லை. மருந்தில்லாத வெறும் மாத்திரை உட்கொண்டவர்களில் அவ்வாறிருந்தவர் நூற்றுக்கு 28 பேரே. ஆகவே மருந்து வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது செய்யும் பெரிய வேலை, இருப்பதைக் காப்பது. சிலருக்கு ஓரளவு அடர்த்தி கூடும். பளபளவென்று வழுக்கையாகிப் பல ஆண்டுகள் சென்ற தலையில் காடு முளைக்காது. உச்சியில் பலன் அதிகம், நெற்றியோரத்தில் குறைவு.

அவசரமும் ஆகாது. மூன்று மாதத்துக்கு முன் ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பார்த்தே முடிவு சொல்ல வேண்டும். மினாக்சிடில் தடவத் தொடங்கிய முதற் சில வாரங்களில் முடி கூடுதலாய் உதிர்வதும் உண்டு. பழைய முடி விழுந்து புதியது கிளம்பும் அறிகுறி அது. இதை யாரும் சொல்லாததால் பயந்து போத்தலை எறிந்துவிடுவோர் பலர்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. நிறுத்தினால் பலனும் நிற்கும். மினாக்சிடிலை விட்டால் சில மாதங்களிலும், பினாஸ்டிரைட்டை விட்டால் ஓராண்டளவிலும், காத்த முடி போய்விடும். இது ஒருமுறை கொடுத்துத் தீர்க்கும் கடனன்று. மாதாமாதம் கட்ட வேண்டிய வாடகை. பத்தாண்டு கட்ட முடியுமா என்று கணக்குப் பார்த்த பிறகே முதற் பெட்டியை வாங்குவது விவேகம்.

செலவு எவ்வளவு?

நாம் சொல்வது பணச் செலவை மட்டுமன்று. பினாஸ்டிரைட் ஆண் ஹார்மோனைத் தொடுகிற மருந்து. சோதனைகளில், இல்லற இச்சை குறைதல், உறுப்பு தளர்தல், விந்து குறைதல் ஆகிய இவற்றில் ஏதேனும் ஒன்று மருந்து உட்கொண்டோரில் நூற்றுக்கு 3.8 பேருக்கும், வெறும் மாத்திரை உட்கொண்டோரில் 2.1 பேருக்கும் காணப்பட்டது. பெரும்பாலோருக்கு நிறுத்தியதும் சரியாயிற்று. நிறுத்திய பின்னும் நீடித்ததாகச் சிலர் தெரிவித்திருக்கின்றனர். பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் தம்பதிகள் இதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மனச்சோர்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 2022-ல் இம்மருந்தின் விவரக்குறிப்பில் தற்கொலை எண்ணம் பற்றிய குறிப்பும் சேர்க்கப்பட்டது. 2025-ல் ஐரோப்பிய மருந்து ஆணையமும், அவ்வெண்ணம் இம்மருந்தின் பக்க விளைவு என்று உறுதி செய்தது. ஆகவே மாத்திரை உட்கொள்ளும் பிள்ளை கடையில் வாய் திறவாமல் இருக்கிறான், தூக்கமில்லை, எதிலும் பற்றில்லை என்று கண்டால், சோம்பேறி என்று ஏசாதீர்கள். மருந்தை நிறுத்தித் தாமதமின்றி டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரகசியமாய் உட்கொள்பவனை இப்படிக் கவனித்துச் சொல்ல யாருமிருக்க மாட்டார்கள். நாம் இரகசியம் வேண்டாம் என்பது இதற்காகவே.

மினாக்சிடில் பொதுவாகத் தலைத்தோலில் அரிப்பும் வறட்சியும் தரும். இருதய நோயாளிகளும், இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்வோரும் டாக்டரைக் கேளாமல் தடவலாகாது. நெஞ்சுப் படபடப்பு, மயக்கம், கால் வீக்கம் கண்டால் உடனே நிறுத்த வேண்டும். மினாக்சிடிலை மாத்திரையாகக் குறைந்த அளவில் கொடுக்கும் டாக்டர்களும் இப்போது உண்டு. அது அவர்கள் மேற்பார்வையில் மட்டுமே ஆகும் காரியம். பூனை வளர்க்கும் வீட்டாருக்கு ஒரு வார்த்தை: இம்மருந்து பூனைக்குக் கொடிய நஞ்சு. தடவிய தலையையோ தலையணையையோ பூனை நக்கினாலும் அதன் உயிருக்கே ஆபத்து.

வாப்பாவின் மாத்திரையும் மகனும்

இனி, எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய ஒன்றைப் பார்ப்போம். அறுபதைத் தாண்டிய வாப்பாவுக்குச் சிறுநீர் சரியாகப் போகவில்லை. டாக்டர் 5 மில்லிகிராம் பினாஸ்டிரைட் எழுதிக் கொடுக்கிறார். மகன் கைத்தொலைபேசியில் அதே பெயரைப் படிக்கிறான். வாப்பாவின் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கத்தியால் நான்காக வெட்டுகிறான். மேசைமேல் தூள் சிதறுகிறது. அதைக் கையால் துடைத்தெடுப்பவள் அவன் மனைவி. அவள் பிள்ளையுண்டாகி இரண்டு மாதம். இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

சாலினாஸ் கிராமத்துக் குழந்தைகளை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். கருவிலுள்ள ஆண் குழந்தைக்கு ஆண் உறுப்பு சரிவர அமைவதற்கு டி.எச்.டி. தேவை. அதைத் தடுக்கும் மருந்து தாயின் உடலில் ஏறினால் அவ்வமைப்புக் கெடக்கூடும். ஆகவேதான் உடைந்த மாத்திரையையும் அதன் தூளையும் கர்ப்பிணிகளும், கர்ப்பமாகக் கூடியவர்களும் தொடலாகாது என்று எச்சரிக்கின்றனர். முழு மாத்திரைக்கு மேற்பூச்சு உண்டு. உடைத்தால் அந்தக் காப்புப் போய்விடும். இதே காரணத்தால், இம்மருந்தை உட்கொள்வோர் இரத்த தானம் செய்யப் போகுமிடத்தில் அதைச் சொல்லிவிட வேண்டும். அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்ச் சேரலாமல்லவா?

வாப்பாவுக்கும் ஒரு பாடம் உண்டு. புரோஸ்டேட் புற்றுநோய்க்காக இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்னும் பரிசோதனை செய்கிறார்கள். பினாஸ்டிரைட் அந்த எண்ணைச் சுமார் பாதியாகக் குறைத்துக் காட்டும். உட்கொள்வதை டாக்டரிடம் மறைத்தால், அபாயமான எண்ணும் நல்ல எண்ணாகத் தோன்றும். முடிக்காக 1 மில்லிகிராம் உட்கொள்ளும் நடுத்தர வயதினருக்கும் இது பொருந்தும்.

தொழுகையும் நோன்பும்

நம்மவர் கேட்கும் சில சந்தேகங்களையும் தொட்டுச் செல்வோம். மினாக்சிடில் திரவத்தில் ஆல்கஹால் கலந்திருப்பது வழக்கம். மலேசிய தேசிய ஃபத்வா குழு 2011-ல் இதை ஆராய்ந்து, மது தயாரிக்கும் வழியில் உண்டாகாத ஆல்கஹால் நஜீஸ் அன்று என்றும், மருந்திலும் வாசனைப் பொருளிலும் அதை உபயோகிப்பது ஆகுமென்றும் கூறியிருக்கிறது. தடவிய மருந்து நாலு மணி நேரமாவது தலையில் நனையாமல் இருக்க வேண்டும். ஆகவே ஸுப்ஹுக்குப் பின் ஒருமுறை, இஷாவுக்குப் பின் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால், அடுத்த உளூவுக்கு முன் போதிய நேரம் கிடைத்துவிடும். மாத்திரை நாளைக்கு ஒன்றுதான்; உணவோடும் உணவின்றியும் உட்கொள்ளலாம். நோன்புக் காலத்தில் நோன்பு திறந்த பிறகோ ஸஹரிலோ எடுத்துக்கொள்வதில் சிரமமில்லை. மாத்திரையிலும் கூட்டிலும் சேர்ந்த பொருள்களைப் பற்றி ஐயமிருந்தால் பார்மசிஸ்டைக் கேளுங்கள். மார்க்க விளக்கத்துக்கு நம் ஆலிம்களைக் கேளுங்கள்.

விற்கும் நமக்கு ஒரு வார்த்தை

வாசகர்களில் பெரும்பாலோர் வர்த்தகர்கள். ஆகவே வாங்குவதைப் பற்றிச் சொன்னது போல் விற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பினாஸ்டிரைட் இந்நாட்டில் 1952-ம் ஆண்டு விஷப் பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்து. டாக்டர் தம் நோயாளிக்குக் கொடுக்கலாம்; அல்லது டாக்டரின் சீட்டைக் கண்டு உரிமம் பெற்ற பார்மசிஸ்ட் கொடுக்கலாம். மளிகைக் கடையிலோ, முடி திருத்தும் கடையிலோ, இணையத்திலோ வைத்து விற்பது குற்றம். சென்னை, திருச்சியிலிருந்து வருவோர் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து, அங்கே மலிவு என்று கடையில் வைத்துக் கொடுப்பதும் அவ்வாறே.

பதிவான மருந்தின் பெட்டியில் ‘மால்’ என்று தொடங்கி, எட்டு இலக்கங்களும் கடைசியில் ஓர் எழுத்துமுள்ள எண் இருக்கும். ‘ஏ’ என்று முடிந்தால் விஷப் பட்டியலிலுள்ள மருந்து. ‘எக்ஸ்’ என்றால் அப்பட்டியலில் இல்லாதது. ‘டி’ என்றால் பாரம்பரிய மருந்து. இந்த எண்ணை மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணைய ஏட்டில் எவரும் சரிபார்க்கலாம். கூந்தல் எண்ணெய்கள் பொதுவாக அழகுப் பொருள் வகையில் அறிவிக்கப்படுபவை. அவற்றை விற்பதில் தடையில்லை. ஆனால் வழுக்கையைத் தீர்க்கும் மருந்தென்று விளம்பரம் எழுதி ஒட்டினால், 1956-ம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் குறுக்கே நிற்கும். எழுதியவர் மட்டுமல்ல, ஒட்டிய கடைக்காரரும் பதில் சொல்ல நேரும். ‘முப்பது நாளில் முடி’ என்று போத்தலில் இருந்தால், அச்சரக்கைக் கடையில் ஏற்றாதிருப்பதே நம் பெயருக்கு நல்லது. நாணயமென்பது தராசில் மட்டுமன்று.

முடிவாக

வழுக்கை நோயன்று, மானக்கேடுமன்று. மருந்து வேண்டாமென்று விட்டுவிடுவதும், முடியை ஒட்ட வெட்டிக்கொள்வதும் நல்ல முடிவுகளே. வேண்டுமென்று நினைக்கும் வாலிபன், முடி போகத் தொடங்கும் காலத்திலேயே டாக்டரிடம் போவது பயன் தரும். போகுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ளட்டும்: எனக்கு வந்திருப்பது இவ்வகை வழுக்கைதானா? ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து செய்ய என்னால் இயலுமா? நான் உட்கொள்வதை வீட்டில் யாருக்குச் சொல்லியிருக்கிறேன்?

மூன்றாவது கேள்வியைப் பெற்றோரும் முதலாளிகளும் தங்களையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளை தன் குறையைச் சொல்ல வரும்போது நாம் சிரித்துவிட்டால், மறுமுறை அவன் நம்மிடம் வரமாட்டான். அந்த நாளில் டிரெஸ்ஸரின் கதவைத் தட்டக் கூச்சமில்லாமலிருந்ததே, அதுபோல் நம்மிடமும் பிள்ளைகள் கூச்சமின்றி வந்து கேட்கும்படி நடந்துகொள்வோமாக.

வஸ்ஸலாம்.